அப்பாயியின் கதைக்கு மூன்று நிமிடம்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவினருக்கும், ஞாயிறு மதியங்களில் வராந்தாவில் என்னோடு காத்திருக்கும் சக பெற்றோருக்கும்,

வணக்கம்.

பொங்கல் விழா மாறுவேடப் போட்டியின் மதிப்பெண் தாள் சென்ற வாரம் வீட்டுக்கு வந்தது. உச்சரிப்புக்குப் பத்துக்கு ஒன்பது. உடைக்கும் ஒன்பது. மனப்பாடத்துக்குப் பத்துக்குப் பத்து. கடைசிக் கட்டத்தில் 'பொருத்தம்' என்று ஒன்று, அதில் முட்டை. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: 'தமிழ்ப் பண்பாட்டோடு தொடர்பில்லாத வேடம்.' என் மகளுக்கு ஒன்பது வயது. பத்துக்குப் பத்தைப் பார்த்துத் துள்ளியவள், முட்டையைப் பார்த்ததும் நின்று, அந்தச் சிவப்பு வரியை எழுத்துக் கூட்டி வாசித்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தான். அந்த நன்றி எனக்கு உண்டு. கோபமும் உண்டு, மறைக்கப் போவதில்லை.

அன்றைக்கு அவள், அடிமைத்தனத்திலிருந்து தப்பி மற்றவர்களையும் மீட்டு வந்த கறுப்பினப் பெண் ஹாரியட் டப்மனாக வந்தாள். பழைய திரைச்சீலையில் தைத்த நீளப் பாவாடை, தலையில் முண்டாசு போலக் கட்டிய துணி, கையில் பேட்டரி போட்ட லாந்தர் விளக்கு. தைத்துக் கொடுத்தவர் என் மாமியார். எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் அப்பாவின் அம்மாவை அப்பாயி என்போம். என் பிள்ளைகளும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தென் கரோலினாவின் கடலோரத் தீவில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்மணி, எழுபத்தைந்து வயதில், 'அப்பாயி' என்ற குரலுக்குத் திரும்பிப் பார்க்கிறார். முதலில் அது ஏதோ பழத்தின் பெயர் என்று நினைத்தாராம்.

மூன்று நிமிடப் பேச்சை நானும் மகளும் சேர்ந்து எழுதினோம். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, பின்னாளில் ஹாரியட் டப்மன் ஆன மிண்டி என்ற சிறுமி, மேற்பார்வையாளன் ஒருவன் வேறொருவர் மேல் எறிந்த இரும்பு எடைக்கல் தன் தலையில் விழுந்து சாகக் கிடந்தது. 1849-இல் தனியாகத் தப்பி ஓடியது. தான் தப்பியது போதாதென்று, ஏறக்குறைய பதின்மூன்று முறை அதே மண்ணுக்குத் திரும்பிப் போய் எழுபது பேர்வரை அழைத்து வந்தது. இரவில் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வடக்கே நடந்தது. 'விழுந்தது' என்ற சொல்லில் வரும் ழகரத்துக்காக மட்டும் இரண்டு வாரம் பாடுபட்டோம். மேடையில் அது சரியாக வந்தது. கடைசி வரிசையில் இருந்த அப்பாயி, ஒரு சொல்லும் புரியாமல், அந்த ழகரத்துக்குக் கை தட்டினார். வீட்டில் அத்தனை முறை கேட்டிருந்தார்.

நிலவில் நடந்த விண்வெளி வீரராக வந்த சிறுவனுக்கு இரண்டாம் பரிசு. நல்ல பையன், பரிசுக்குத் தகுந்தவன்தான். ஆனால் நிலவில் எந்தத் தமிழ்ப் பண்பாட்டைக் கண்டீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. நிலாவில் வடை சுடும் பாட்டியைக் கணக்கில் சேர்த்திருந்தால் சரி, ஒப்புக்கொள்கிறேன்.

விழா முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர், என் மேல் உண்மையான அக்கறையோடு, தணிந்த குரலில் சொன்னார்: "பிள்ளை இவ்வளவு நன்றாகத் தமிழ் பேசுகிறாள். அந்தப் பக்கத்தை எதற்கம்மா மேடையில் கொண்டுவந்து காட்ட வேண்டும்?"

அந்தப் பக்கம். அன்றிலிருந்து இந்த இரண்டு சொற்களையும் வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் அந்தப் பக்கம் எங்கே தொடங்குகிறது என்று நீங்களே வந்து பார்த்தால் நன்றாக இருக்கும். முடியாவிட்டால் இந்த மடலில் பாருங்கள்.

ஆண்டுக் கடைசி இரவிலிருந்து ஆரம்பிக்கிறேன். டிசம்பர் 31 இரவு மாமியாரோடு நாங்கள் எல்லோரும் சர்ச்சுக்குப் போவோம். ஊரெல்லாம் வாணவேடிக்கைக்குக் காத்திருக்கும் நேரத்தில் அங்கே பாட்டும் செபமுமாகக் கண்விழிப்பு. 1862-ஆம் ஆண்டின் இதே இரவில், விடிந்தால் லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் நடப்புக்கு வரும் என்று காத்திருந்தவர்களின் நினைவு அதில் இருக்கிறது. மறுநாள், 1863 ஜனவரி 1 அன்று, தென் கரோலினாவில் பியூஃபர்ட் ஊருக்கு அருகே ஓக் மரங்களின் கீழே கூடிய ஆயிரக்கணக்கானோர் முன்னால் அந்தப் பிரகடனம் உரக்க வாசிக்கப்பட்டது. மாமியாரின் தீவிலிருந்து அந்த இடம் எட்டிப் பிடிக்கும் தூரம். வைகுண்ட ஏகாதசிக்கு மன்னார்குடியில் கண்விழித்த எனக்கு இந்த விழிப்பு ஒன்றும் சிரமமாக இல்லை. என் மகன்தான் பதினொன்றரைக்குத் தூங்கி, பன்னிரண்டுக்கு எழுந்து, நடந்ததெல்லாம் தெரிந்தவன்போல் முகத்தை வைத்துக்கொள்வான்.

புத்தாண்டு அன்று காராமணிச் சோறு. கறுப்புக் கண் வைத்த அதே காராமணிதான். வெங்காயம் வதக்கி, அரிசியும் பயறும் சேர்த்து ஒரே பானையில் பொங்குவார்கள்; கூடவே ஒரு கீரை, சோள ரொட்டி. பயறு காசுக்கு அடையாளம், கீரை நோட்டுக்கு அடையாளம் என்பது பேச்சு. மாசியும் பங்குனியும் கூடும் நாளில் என் அம்மா காரடையான் நோன்பு அடையில் போடுவதும் இதே பயறு. காராமணி ஆப்பிரிக்காவில் பயிராகி அங்கிருந்து உலகமெல்லாம் போன தானியம். ஆக, ஜனவரியில் அப்பாயி வாங்கும் மூட்டையில் மிஞ்சியதை மார்ச்சில் நான் வெல்லம் போட்டுத் தீர்க்கிறேன். எங்கள் சமையலறையில் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்பது டப்பாவின் மூடியைத் திறக்கும் கையைப் பொறுத்தது.

அரிசிக்கு வருகிறேன். இதை மட்டும் நிதானமாகச் சொல்ல விடுங்கள்.

மாமியாரின் ஆட்களுக்கு கல்லா கீச்சி என்று பெயர். கரோலினா, ஜார்ஜியா கடலோரத்துச் சதுப்பு நிலங்களில் நெல் விளைவிப்பதற்கென்றே மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் கரைகளிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களின் வழி வந்தவர்கள். வெறும் உடலுழைப்பை மட்டும் அவர்களிடமிருந்து பறிக்கவில்லை. வாய்க்கால் வெட்டவும், மதகு வைத்து ஏற்ற நீரை வயலுக்குள் விட்டு வடிக்கவும் தெரிந்த அறிவும் சேர்ந்தே பறிபோனது. மரத்தைக் குடைந்து செய்த உரலில் நெல் குத்தினார்கள். கடற்கரைப் புல்லையும் நாணலையும் சுருள் சுருளாகச் சுற்றிப் பின்னிய வட்டத் தட்டில் புடைத்தார்கள். அப்படி ஒரு தட்டு, மாமியாரின் பாட்டி பின்னியது, எங்கள் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது.

என் அம்மா முதல் முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதை ஒரு நாள் முழுக்க ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். (என் கல்யாணச் செய்தி கேட்டு எட்டு மாதம் என்னோடு பேசாமல் இருந்த அம்மா என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.) இரண்டாம் நாள் காலையில் நாற்காலி போட்டு ஏறி, தட்டைக் கழற்றி, கடையில் வாங்கிய அரிசியைக் கொட்டிப் புடைக்க ஆரம்பித்துவிட்டார். பையில் வரும் அரிசியில் தவிடும் கிடையாது, உமியும் கிடையாது. கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். நூறாண்டுப் பழைய பொருளாயிற்றே என்று நான் பதறி ஓடினேன். மாமியார் என்னைத் தடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தட்டைத் தன் கையில் வாங்கி, மணிக்கட்டைக் கொஞ்சம் வேறு மாதிரி சுழற்றிக் காட்டினார். அம்மா உதட்டைப் பிதுக்கினார். முறத்தைப் பிடிக்கும் விதமே அதுவல்ல என்பது அவர் கருத்து. அரை மணி நேரம் இரண்டு பேரும் ஒருவர் கையைப் பார்த்து ஒருவர் தலையசைத்துக்கொண்டும் குறை சொல்லிக்கொண்டும் இருந்தார்கள். பொது மொழி ஒன்றும் கிடையாது.

அன்று மாலை, பீன்ஸ் நாரெடுத்துக்கொண்டே, மாமியார் என் வழியாக ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் வயலில் யார் வேலை செய்தார்கள்?"

"ஆட்கள்" என்றார் அம்மா. வேலையாட்கள் என்று மொழிபெயர்த்தேன்.

"சம்பளத்துக்கா?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, படியளப்போம் என்றார். என் தாத்தா வீட்டில் நான்கு பண்ணையாள் குடும்பங்கள் இருந்தன. கொல்லைப்புறமாகத்தான் வருவார்கள். அவர்களுக்கென்று தனிப் பாத்திரம். பிள்ளை பிறந்தால் அதுவும் பண்ணைக்கு. எனக்குத் தெரியாதது ஒன்றும் அம்மா சொல்லவில்லை. மொழிபெயர்க்காமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். சொன்னேன். மாமியார் நாரெடுப்பதை நிறுத்தவில்லை. மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது அவர்களின் பெயர் என்ன என்று கேட்டார். அம்மாவுக்கு இரண்டு பேரின் பெயர்தான் நினைவுக்கு வந்தது. மற்ற ஒருவரை 'பெரியாள்' என்றே எல்லோரும் கூப்பிட்டார்களாம். வேறு பெயர் இருந்திருக்கும்.

பிப்ரவரி அமெரிக்காவில் கறுப்பர் வரலாற்று மாதம். அந்தப் பிப்ரவரியில் பிள்ளைகளுக்கு நான் சொன்ன கதை கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டுப் போராடிய சேரியில், 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்ட கதை. மன்னார்குடிக்குக் கிழக்கே, எங்கள் பக்கத்து மண். அமெரிக்கப் பள்ளிக்கூடம் எனக்குச் சொல்லித் தரவில்லை, மன்னார்குடிப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை. கறுப்பினத்து மாமியார் கேட்ட கேள்விகள்தான் என்னை அங்கே கொண்டுபோய் விட்டன. கறுப்பர் வரலாற்று வேடம் தமிழ்ப் பண்பாட்டோடு தொடர்பில்லாதது என்று நீங்கள் எழுதும்போது எனக்கு ஏன் பொறுக்கவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1959-இல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியாவுக்கு வந்தார், நாம் எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். காந்தியின் நாட்டுக்கு வந்தார் என்று அதோடு நிறுத்திக்கொள்வோம். திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்கூடத்தில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் தன்னை அறிமுகப்படுத்தியதை, 1965 ஜூலை 4 அன்று அட்லாண்டாவின் எபனேசர் சர்ச்சில் கிங் தானே சொன்னார். முதலில் சுருக்கென்று இருந்ததாம். யோசித்துப் பார்த்ததும், ஆமாம், நான் அதுதான் என்று பட்டதாம். அந்த சர்ச் நம் பள்ளியிலிருந்து காரில் போகும் தூரம். நம் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு மீன் காட்சியகத்துக்கு மூன்று முறை அழைத்துப் போயிருக்கிறோம்.

தலைமுடிக்கு வருகிறேன். சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டில் தலை வாரும் இரவு. ஆரம்பத்தில் நான் மகளை அழ வைத்தேன். நம் வழக்கப்படி உச்சியிலிருந்து சீப்பை வைத்து இழுத்தேன். சுருள் முடியில் அது கொடுமை. மாமியார் என் கையிலிருந்து சீப்பை வாங்கினார். பேத்தியைத் தரையில் தன் முழங்கால்களுக்கு இடையே உட்கார வைத்து, ஈரம் காயும் முன்னே, நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே சிக்கெடுத்தார். வால் சீப்பின் நுனியால் வகிடெடுத்து, வகிட்டில் வெண்ணெய்போல் இருக்கும் ஷியா கொட்டை எண்ணெயைத் தடவி, தலையோடு ஒட்டி வரிவரியாகப் பின்னினார். வயலில் நாற்று நட்ட வரிசை மாதிரி இருந்தது. எல்லாம் முடிய இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் குடும்பக் கதைகள் எல்லாம் வரும். சுரினாமில் தப்பியோடிக் காட்டுக்குள் வாழ்ந்த மரூன் மக்களிடம் ஒரு வாய்மொழிக் கதை உண்டு: அவர்களின் முன்னோர்ப் பெண்கள் பின்னலுக்குள் நெல்மணிகளை ஒளித்துக் கொண்டுபோனார்கள் என்று. அதைக் கேட்ட நாளிலிருந்து என் மகள் ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு அரிசியைப் பின்னலுக்குள் வைக்கச் சொல்கிறாள். குளிக்கும்போது வடிகாலில் அகப்படும். போகட்டும்.

இந்த முடியோடுதான் போன ஆண்டு நம் பள்ளி நடன நிகழ்ச்சிக்கு வந்தாள். சவுரி வைக்க வசதியாக 'முடியை நேராக்கிக்கொண்டு வாருங்கள்' என்று செய்தி வந்தது. மேடைக்குப் பின்னால் அவள் முகத்தில் இரண்டு நிறம் வெளுப்பாகப் பவுடரைப் பூசினார்கள். செய்தவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. என் பெரியம்மா மகளின் கல்யாணத்தில் எனக்கும் அப்படித்தான் பூசினார்கள். கலிஃபோர்னியாவில் 2019-இல், இயல்பான முடியையும் பின்னலையும் காட்டிப் பள்ளியிலோ வேலையிலோ ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள் என்பதை மட்டும் தெரிவித்து நகர்கிறேன்.

இல்லை, நகர்வதற்கு முன் இன்னொன்று. இரண்டாம் நிலை வகுப்பில் கொடுத்த கதைத்தாளில் 'சிவப்பாக, அழகாக ஒரு இளவரசி இருந்தாள்' என்று இருந்தது. படம் வரைந்து வரச் சொல்லியிருந்தீர்கள். என் மகள் தக்காளி நிறத்தில் ஒரு இளவரசியை வரைந்து வந்தாள், கையும் முகமும் உட்பட. வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ராத்திரி, தமிழில் சிவப்பு என்றால் வேறு அர்த்தமும் உண்டு என்று அவளுக்கு விளக்க உட்கார்ந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் சாமிகளில் பாதிப் பேர் கறுப்பு, மழை கொண்டுவரும் மேகம் கறுப்பு, பருத்தி விளையும் கரிசல் கறுப்பு; கதைத்தாளில் ஒரு இளவரசிக்கு அந்த நிறம் கொடுக்கக் கூடாதா?

எங்கள் பிப்ரவரி பெரிய திருவிழா ஒன்றும் இல்லை. தோரணம் கிடையாது. (குவான்சா கொண்டாடுகிறீர்களா என்று சிலர் கேட்கிறீர்கள். 1966-இல் தொடங்கிய, ஆண்டுக் கடைசியில் வரும் கறுப்பினத்தவர் பண்டிகை அது, பல குடும்பங்கள் ஏழு மெழுகுவத்தி ஏற்றுகின்றன. என் மாமியார் கிறிஸ்துமஸோடு சரி.) மாதம் முழுக்க இரவுச் சாப்பாட்டின்போது ஆளுக்கு ஒரு நாள் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் எப்போதும் கார்ட்டர் வுட்சன். அடிமைகளாக இருந்த பெற்றோரின் மகன். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, இருபது வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, 1912-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1926 பிப்ரவரியில் அவர் தொடங்கிய கறுப்பர் வரலாற்று வாரம்தான் 1976-இல் அரசு அங்கீகாரத்தோடு மாதமாயிற்று. பிப்ரவரி ஏன் என்றால், அடிமை ஒழிப்புக்குப் போராடிய ஃபிரடெரிக் டக்ளஸும் லிங்கனும் பிறந்தவை என்று கொண்டாடப்பட்ட நாட்கள் அந்த மாதத்தில் இருந்தன. மிகச் சின்ன மாதத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்று என் மகன் ஒவ்வொரு ஆண்டும் அதே நகைச்சுவையைச் சொல்வான். அவன் போன முறை எடுத்துக்கொண்டது கிளாடெட் கால்வின். ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்னால், 1955 மார்ச்சில், அதே மான்ட்கமரி நகரத்தில் பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மறுத்துக் கைதான பதினைந்து வயதுப் பெண். தன் வயதை ஒட்டிய ஒருத்தி என்பதால் அவனுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

தமிழ்ப் பள்ளி நடத்தும் உங்களுக்கென்றே நான் எடுத்து வைத்திருக்கும் கதை வேறொன்று. ஜார்ஜியாவின் கடலோரத்தில், ஹாரிஸ் நெக் என்ற ஊரில், அமீலியா டாலி என்று ஒரு பெண் இருந்தார். 1930-களின் தொடக்கத்தில் லாரென்ஸோ டவ் டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் கனமான ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கல்லா மக்களிடையே அலைந்தார். அவர்கள் பேசுவது கொச்சை ஆங்கிலம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. இல்லை, இதற்குள் ஆப்பிரிக்க மொழிகள் உயிரோடு இருக்கின்றன என்று நிறுவியவர் அவர். அமீலியா அவருக்குச் சில வரிப் பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டினார். வழிவழியாக வந்த பாட்டு. பொருள் அவருக்குத் தெரியாது. அவர் மகள் மேரிக்கும் தெரியாது. பாட்டு மட்டும் தெரியும். பல பத்தாண்டுகள் கழித்து, அது மெண்டே மொழி என்று அறிந்த ஆய்வாளர்கள் சியரா லியோனில் ஊர் ஊராகத் தேடிப் போனார்கள். ஒரு கிராமத்தில் ஒரு பெண் அந்தப் பாட்டைத் தன் பாட்டியிடம் கற்றுவைத்திருந்தார். சாவு வீட்டில் பாடுவது. நம் ஊரில் ஒப்பாரி என்போமே, அந்த இனம். 1997-இல் மேரி மோரன் குடும்பத்தோடு அந்தக் கிராமத்துக்கே போனார்.

பேத்திக்குப் புரியாவிட்டாலும் பாட்டைக் கொடுத்து வைத்த அந்தப் பாட்டியைவிடப் பெரிய தமிழாசிரியர் யார் என்று யோசித்துப் பாருங்கள். என் மாமியாரும் பள்ளிக்கூடத்தில் வீட்டுப் பேச்சைப் பேசியதற்காக அடி வாங்கியவர்தான். ஞாயிறு மதியம் பேரப்பிள்ளைகளை ஒரு நாளும் தாமதமில்லாமல் உங்களிடம் கொண்டுவந்து விடுகிறார் என்றால் காரணம் இல்லாமல் இல்லை. அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதே குற்றம் என்று இந்த ஜார்ஜியாவில் 1829-இல் சட்டம் இருந்தது. 'அ' போட்ட நாளில் என் மகளின் கையை அவர் முத்தமிட்டதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

சட்டம் என்றதும் இன்னொன்று. 1927-இல் ஜார்ஜியா ஒரு சட்டம் இயற்றியது. யார் வெள்ளையர், யார் அல்லர் என்று அதில் வரையறுத்தார்கள். நீக்ரோ ரத்தம், ஆப்பிரிக்க ரத்தம், மேற்கிந்திய ரத்தம், 'ஆசிய இந்திய' ரத்தம் ஆகியவற்றில் எதுவும் சிறு சுவடாவது இருப்பவர்கள் நிறத்தவர்கள் என்று எழுதி வைத்தார்கள். வெள்ளையரை அவர்கள் மணக்க முடியாது. 1967-இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய சட்டங்களைத் தூக்கி எறிந்தது. என்னையும் என் கணவரையும் அந்தச் சட்டம் தடுத்திருக்காது என்பதுதான் வேடிக்கை. இருவரையும் ஒரே பெட்டியில் போட்டு மூடியிருந்தது. அதை எழுதியவர்களின் கண்ணுக்கு நீங்களும் நானும் என் மாமியாரும் எல்லோருமே அந்தப் பக்கம்தான்.

1946-இலிருந்து இந்தியர்களுக்கு ஆண்டுக்கு நூறு பேர் என்று ஒதுக்கீடு இருந்தது. அது ஒழிந்து கதவு திறந்தது 1965 அக்டோபர் 3 அன்று கையெழுத்தான குடியேற்றச் சட்டத்தால். அதற்கு முந்தைய ஆண்டு, இன ஒதுக்கலைத் தடை செய்த குடிமை உரிமைகள் சட்டம். இரண்டு மாதம் முன்னால் வாக்குரிமைச் சட்டம். தெருவில் நாய்களையும் தண்ணீர்ப் பீரங்கியையும் எதிர்கொண்டு அவற்றை வாங்கியவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. நம் வராந்தாவில் நிற்கும் ஒவ்வொருவரின் விசாவுக்கும் அதில் பங்கு உண்டு. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்: நான் அட்லாண்டாவில் வந்து இறங்கிய முதல் வாரம் நம்மவர் ஒருவர் எனக்குச் சொன்ன முதல் புத்திமதி, எந்தெந்தத் தெருப் பக்கம் போகக் கூடாது என்பது. அதை ஒரு வருடம் அப்படியே கடைப்பிடித்தவள் நான். அந்தத் தெருக்களில் ஒன்றில்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டேன்.

2021 ஜனவரியில் கமலா ஹாரிஸ் அமெரிக்கத் துணை அதிபரானபோது நாம் வீட்டுக்கு வீடு கோலம் போட்டுப் படம் பிடித்துப் பகிர்ந்தது நினைவிருக்கும். அவர் அரசியல் யாருக்குப் பிடிக்கும், பிடிக்காது என்பது வேறு விஷயம். அவர் தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் வெடி வெடித்தார்கள், நாம் கோலம் போட்டோம், நம் பெண் என்றோம். சென்னையில் பிறந்து பத்தொன்பது வயதில் பெர்க்லிக்குப் படிக்க வந்த அவர் அம்மா சியாமளா கோபாலன் என்ன செய்தார்? தான் வளர்ப்பது இரண்டு கறுப்பினப் பெண் பிள்ளைகள் என்று தெளிவாகத் தெரிந்து வளர்த்தார். கறுப்பின சர்ச்சுக்கு அனுப்பினார். பெர்க்லியில் ரெயின்போ சைன் என்ற கறுப்பினப் பண்பாட்டு மையத்துக்கு மகள்களைக் கூட்டிக்கொண்டு போனார். தோசையும் வார்த்துக் கொடுத்தார், இதையும் கொடுத்தார். அந்தப் பிள்ளை நம் மாறுவேடப் போட்டிக்கு வந்திருந்தால் 'பொருத்தம்' கட்டத்தில் என்ன போட்டிருப்பீர்கள் என்று உங்களைத்தான் கேட்கிறேன்.

என் மகளின் பேச்சு எங்கே முடிந்தது என்பதை நடுவர்கள் கவனித்தார்களோ இல்லையோ. 1863 ஜூன் 2 விடியற்காலையில், உள்நாட்டுப் போரின் நடுவே, தென் கரோலினாவின் கம்பீ ஆற்றில் லிங்கனின் வடக்குப் படையின் படகுகள் ஏறிப் போகின்றன. வழிகாட்டி ஹாரியட் டப்மன். இரண்டு கரையிலும் நெல் வயல்கள். படகின் ஊதல் கேட்டதும் வயலிலிருந்தும் குடிசையிலிருந்தும் ஜனங்கள் ஓடி வருகிறார்கள். அன்று ஒரே நாளில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் விடுதலையானார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணை டப்மன் பிற்பாடு நினைவு வைத்துச் சொன்னார். அடுப்பிலிருந்து அப்படியே இறக்கிய சோறு தலைமேல் ஆவி பறக்க, முதுகைப் பற்றிக்கொண்ட பிள்ளையோடு ஓடி வந்தவள். என் மகள் மேடையில் அந்த இடத்தில் லாந்தரைக் கீழே வைத்துவிட்டு, இல்லாத பானையை இரண்டு கையாலும் தலைமேல் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு ஓடினாள். பொங்கல் விழாவில், சோற்றுப் பானையோடு. இதற்கா பொருத்தம் இல்லை?

நான் கேட்பது அதிகம் இல்லை. அந்த மதிப்பெண் தாளில் 'பொருத்தம்' என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள். தமிழில் சொன்னால் போதும், யார் கதையாக இருந்தாலும் அது தமிழ்ப் பள்ளிக்குப் பொருத்தமானதுதான் என்று வைத்துக்கொள்வோம். வரும் பிப்ரவரியில் ஒரே ஒரு ஞாயிறு, நாற்பது நிமிடம், நான்காம் நிலைக்கு நான் வகுப்பு எடுக்கிறேன், தமிழில்தான். அமீலியாவின் பாட்டைப் பற்றியும் காராமணியைப் பற்றியும் பேசுவேன். அப்பாயி தட்டை எடுத்து வருவார். பிள்ளைகளைப் புடைத்துப் பார்க்கச் சொல்வார். தரையெல்லாம் அரிசி சிந்தும், நானே கூட்டிவிடுகிறேன். கதைத்தாளில் அந்த இளவரசியின் நிறத்தை மாற்ற வேண்டாம், நிறத்தைப் பற்றிய சொல்லை எடுத்துவிட்டால் பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றியபடி வரைந்துகொள்வார்கள். எத்தியோப்பியப் பெண்ணை மணந்த தம்பி ஒருவர் நம் பள்ளியில் கைக்குழந்தையோடு சேர்க்கை பற்றி விசாரித்துப் போனார் என்றும் கேள்வி. அவர் திரும்பி வர வேண்டும் என்பது என் ஆசை.

மதிப்பெண்ணைத் திருத்தித் தரச் சொல்லி இதை எழுதவில்லை. அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியாயிற்று. பத்துக்குப் பத்து இருக்கும் கட்டத்தைச் சுற்றி அப்பாயி பேனாவால் ஒரு வட்டம் போட்டிருக்கிறார். முட்டையை என் மகள் கண், மூக்கு வைத்து, வரிவரியாகப் பின்னல் போட்டு, ஒரு முகமாக்கிவிட்டாள்.

அந்த லாந்தர் விளக்கை மேடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். பச்சை நிறம், கைப்பிடியில் கயிறு சுற்றியிருக்கும். யாராவது எடுத்து வைத்திருந்தால் வரும் ஞாயிறு வராந்தாவில் கொடுத்துவிடுங்கள். அடுத்த பொங்கலுக்கும் அது வேண்டும் என்கிறாள்.

இப்படிக்கு,
மூன்றாம் நிலை, ஆறாம் நிலை மாணவர்களின் அம்மா